அணைத்துக் கொடுத்த சிவப்பு விளக்கு

மதியச் சாப்பாட்டு நேரம். பட்டறையில் எல்லோரும் கைகழுவப் போயிருந்தார்கள். வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய பெண் உடனே உள்ளே வரவில்லை. ஆயில் ஊறிக் கறுத்துப்போன தரையைப் பார்த்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். முப்பத்தைந்து வயது இருக்கும். வெளுத்த பச்சைச் சேலை. நெற்றியில் ஒன்றும் இல்லை.

"ஸ்கேன் அக்கா நீங்கதானா?"

ஆமாம் என்றேன்.

"நான் மகேஸ்வரி. விக்கிரமசிங்கபுரம். இசக்கிராஜ் வீட்டுல."

அவள் பெயரைச் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். அவள் உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன். அவள் தலைக்கு நேர் மேலே, பலகைத் தட்டில், ஒரு வெள்ளை அட்டைப்பெட்டி இருந்தது. அதன்மேல் இசக்கிராஜின் வண்டி நம்பர் என் கையெழுத்தில் எழுதியிருந்தது.

அதை எடுக்கவும் முடியாது. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

கைகழுவி வந்த பட்டறைப் பையனிடம் டீ வாங்கிவரச் சொன்னேன். அவள் பாதி குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு கேட்டாள்.

"அவிய வண்டியில ஒரு செவத்த லைட்டு எரிஞ்சுதுல்லா. அதச் சரி பண்ணுனது நீங்கதானக்கா?"

தள்ளிப்போட்ட அத்தியாயம்

இந்தத் தொடரை வாராவாரம் படிக்கும் ஒருவர், 'நீங்கள் ஜெயித்த கதைகளையே எழுதுகிறீர்களே' என்று கேட்டு எழுதியிருந்தார். எலி கடித்த ஒயரைக் கண்டுபிடித்தது, மூன்று பட்டறைகள் கைவிட்ட வண்டியை ஓடவைத்தது என்று அவரே பட்டியலும் போட்டிருந்தார். அவர் சொன்னது சரிதான். இந்த அத்தியாயத்தை நான் பல வாரங்களாகத் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்தேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலியை ஒட்டிய தச்சநல்லூரில் என் வீட்டுக்காரர் வேலாயுதம் கார் பட்டறை வைத்திருக்கிறார். இன்ஜின், கிளட்ச், பிரேக் எல்லாம் அவர் வேலை. நான் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படித்தவள். கல்யாணத்துக்கு முன் டவுனில் ஒரு டிவி ரிப்பேர் கடையில் இருந்தேன். கார்களுக்குள் கம்ப்யூட்டர் வந்து, சத்தத்தை மட்டும் கேட்டு வைத்தியம் பார்க்க முடியாத காலம் வந்தபோது, ஸ்கேனரை வாங்கி என் கையில் கொடுத்தார். அன்று முதல் நான் ஸ்கேன் அக்கா.

வண்டியில் ஏதாவது ஒரு பாகம் கோளாறானால் உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் அதை ஓர் எண்ணாகக் குறித்துக்கொள்ளும். டாஷ்போர்டில் ஒரு விளக்கை எரியவிடும். ஸ்கேனரைச் சொருகினால் அந்த எண் வரும். அதைப் படிப்பது பெரிய வித்தை இல்லை. அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதில்தான் வேலையே இருக்கிறது. சென்சார் போச்சு என்று எண் சொல்லும். சென்சாரை மாற்றினாலும் விளக்கு எரியும். கடைசியில் பார்த்தால் ஒயரின் ஒரு மூலையில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும்.

ஆனால் வருகிறவர்களில் பலருக்குக் கோளாறு போகவேண்டும் என்பதில்லை. விளக்கு போனால் போதும்.

கல்யாணத்தன்று காலையில் மாப்பிள்ளை காரோடு ஒருவர் வந்தார். மாலை கட்டியாகிவிட்டது. "வீடியோவுல விழும்க்கா. இன்னைக்கு ஒருநா மட்டும் அணைச்சு விடுங்க" என்றார். அது இன்ஜின் விளக்கு. அழித்தாலும் இரண்டு நாளில் தானாகத் திரும்ப வந்துவிடும். சிரித்துக்கொண்டே அழித்துக் கொடுத்தேன். புகையைக் கக்கும் வண்டியை விற்பதற்காக விளக்கை அணைக்கச் சொல்லி வரும் புரோக்கர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று எனக்கு நன்றாகத் தெரியும் என்ற நினைப்பு இருந்தது.

நான்கு மணி நேரம்

இசக்கிராஜுக்கு நாற்பது வயது ஆகவில்லை. அப்பா மில் தொழிலாளி. இவருக்கு மில் வேலை ஒத்துவரவில்லை. கைமாறி வந்த கார் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓட்டினார். எல்லோரும் கோயிலுக்கும் குற்றாலத்துக்கும் ஓட்டிக்கொண்டிருந்தபோது, அவருக்கு வேறு விதமான சவாரி அமைந்தது.

டயாலிசிஸ் நோயாளிகள். வாரத்துக்கு மூன்று நாள், விடியுமுன் விக்கிரமசிங்கபுரத்திலும் அம்பாசமுத்திரத்திலும் அவர்களை ஏற்றிக்கொண்டு, திருநெல்வேலியில் ஒரு மருத்துவமனையில் இறக்கிவிடுவார். முன் சீட்டில் லூர்து டீச்சர். ரிட்டயர் ஆனவர். கால் வீங்கியிருக்கும் என்பதால் அவருக்கு எப்போதும் முன் சீட்டுதான். பின்னால் ஆறுமுகம் அண்ணாச்சியும் இன்னொருவரும்.

அவர்களுக்கு ரத்தம் சுத்திகரித்து முடிய நான்கு மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் இசக்கி எங்கள் பட்டறைக்கு வந்துவிடுவார். சீட்டைச் சாய்த்துப் போட்டுத் தூங்குவார். இல்லாவிட்டால் டவுனுக்குள் சின்னச் சவாரி ஒன்று பார்த்துவிட்டு வருவார். என் வீட்டுக்காரரை அண்ணன் என்றும் என்னை மதினி என்றும் கூப்பிடுவார்.

ஒருமுறை கிளட்ச் வேலைக்கு வண்டியை விட்டார். மூன்று மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்றார் என் வீட்டுக்காரர். ஒரு போல்ட் துருப்பிடித்து முறிந்துவிட்டது. ஐந்தரை மணி நேரம் ஆயிற்று. இசக்கி ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார். ஊசி எடுத்த கையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆறுமுகம் அண்ணாச்சி மயங்கி விழுந்திருந்தார்.

இசக்கி ஒரு வார்த்தைகூட எங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்த நான்கு மணி நேரத்தில் வண்டியைப் பிரிக்கக் கை வைக்க விடமாட்டார். "அவங்க எந்திரிக்கும்போது வண்டி வாசல்ல நிக்கணும் மதினி" என்பார். மற்ற நாட்களில் வேறு நோயாளிகள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் பட்டறை பூட்டியிருக்கும்.

மடியில் பந்து

முதலில் ஹாரன் அடிக்கவில்லை என்றுதான் வந்தார். ஒருநாள் அடிக்குமாம், ஒருநாள் அடிக்காதாம். டாஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும் ஆள், எதிரே பெரிய பந்து.

"டீச்சரு இதப் பாத்து, 'என்னடே, புள்ளத்தாச்சி படம் போட்டுருக்கு'ங்காவ" என்று சிரித்தார்.

அது ஏர்பேக் விளக்கு. வண்டி மோதினால் கண் இமைக்கும் நேரத்தில் விரிந்து ஆளைத் தாங்கும் பை. ஸ்டியரிங்கைத் திருப்பத் திருப்ப அறுந்துவிடாமல் இருக்க, அதன் உள்ளே கடிகாரச் சுருள்போல ஒரு நாடா சுற்றியிருக்கும். ஹாரனுக்கும் ஏர்பேக்குக்கும் போகிற மின்சாரம் அதன் வழியாகத்தான் போகிறது. அந்த நாடா அறுந்திருந்தது. ஸ்கேனரும் அதையே சொன்னது.

"இசக்கி, ஹாரன் மட்டும் இல்ல. வண்டி மோதுனா ஒங்க பக்கத்துப் பை விரியாது" என்றேன்.

"மோதுனாத்தான மதினி?"

என் வீட்டுக்காரர் டாஷ்போர்டில் தனியாக ஒரு பட்டன் வைத்து ஹாரனை மட்டும் அடிக்கவைத்தார். அந்தச் சுருளைச் சென்னையிலிருந்து வரவழைக்க வேண்டும். மூன்று வாரம் ஆகும் என்று சொல்லி ஆர்டர் போட்டோம்.

அடுத்த வாரமே இசக்கி மறுபடியும் வந்தார்.

"அந்த லைட்ட மட்டும் அணைச்சுக் குடுங்க மதினி."

முடியாது என்றேன். அதற்கடுத்த முறையும் கேட்டார். அப்போதும் முடியாது என்றேன்.

மூன்றாவது முறை வந்தபோது அவர் முகத்தில் வழக்கமான சிரிப்பு இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து கைகளைப் பிசைந்துகொண்டிருந்தார். "டீச்சரு பயப்படுதாவ மதினி. போகையில வாரையில அதையே பாத்துக்கிட்டு இருக்காவ. ஏற்கெனவே பிரஷரு. சாமான் வந்ததும் மாத்திருவோம்லா. இன்னும் பத்து நாளுதான."

"ஆர்டர் போட்டது வந்துரும். அதுவரைக்கும் அணைச்சுக் குடுத்துரு" என்றார் என் வீட்டுக்காரர், தலையை இன்ஜினுக்குள் வைத்துக்கொண்டே.

நெல்மணி அளவு

அந்தக் கோளாறை வெறுமனே அழித்தால் சாவியைத் திருப்பியதும் விளக்கு திரும்ப வந்துவிடும். வண்டியை ஏமாற்றத்தான் வேண்டும். ஏர்பேக்குக்குப் போகிற இணைப்பில் நெல்மணி அளவு மின்தடை ஒன்றை, ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்துவிட்டால், பை ஒழுங்காக இணைந்திருப்பதாகக் கம்ப்யூட்டர் நம்பிவிடும்.

டிவி ரிப்பேர் கடையில் ஆயிரம் ரெசிஸ்டர் வைத்துப் பற்றவைத்த கை. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. மஞ்சள் டேப்பைச் சுற்றி, மூடியைப் போட்டேன்.

சாவியைத் திருப்பச் சொன்னேன். சிவப்பு விளக்கு எரிந்தது. ஐந்தாறு விநாடி கழித்து அணைந்தது. நல்ல வண்டியில் எப்படி அணையுமோ அப்படியே அணைந்தது.

"ரொம்ப உவகாரம் மதினி" என்றார். அந்தப் பழைய சிரிப்பு திரும்பியிருந்தது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

சொன்னபடி பத்து, பன்னிரண்டு நாளில் சாமான் வந்துவிட்டது. பெட்டியின்மேல் வண்டி நம்பரை எழுதித் தட்டில் வைத்தேன். போன் செய்தேன். "வாரேன் மதினி. ஒரு மத்தியானம் ஒதுக்கிக்கிட்டு வாரேன்" என்றார். ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை போன் செய்தேன். அதே பதில்தான்.

பட்டறைக்கு வரும்போதும் பெட்டியைப் பார்ப்பார். "இது நம்ம பெட்டில்லா" என்பார். அதற்குள் மணி பார்த்துக் கிளம்பிவிடுவார். விளக்கு எரிந்துகொண்டிருந்தால் அவரும் மறந்திருக்க மாட்டார், நானும் விட்டிருக்க மாட்டேன்.

மூன்றாவது தடவை நான் போன் செய்யவில்லை. ஆறு வாரம் ஓடிவிட்டது.

டீச்சரின் போன்

அது மாசியில் பிசான நெல் அறுவடை நடந்த சமயம். ஆற்றுப்பாசன வயல்கள் எல்லாவற்றிலும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ரோட்டோரம் முழுக்க வைக்கோல்.

பதினொன்றரை மணி இருக்கும். லூர்து டீச்சர் எனக்குப் போன் செய்தார். "இசக்கி அங்கன இருக்கானாம்மா? நாங்க வெளிய வந்து அரைமணி நேரமாச்சு. போன எடுக்க மாட்டேங்குதான். அவன் இப்படி லேட்டாக்க மாட்டானே."

இசக்கி அன்று பட்டறைக்கு வரவே இல்லை. சேரன்மகாதேவிக்கு ஒரு சவாரி கிடைத்துப் போயிருக்கிறார். இறக்கிவிட்டு, நோயாளிகளைக் கூப்பிடத் தனியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தார். பத்தமடைக்குப் பக்கத்தில், வயலுக்குள் இருந்து வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று ரோட்டில் ஏறித் திரும்பியிருக்கிறது.

என் வீட்டுக்காரர்தான் ஓடினார். முதலில் டீச்சரையும் மற்ற இருவரையும் வேறு வண்டியில் அனுப்பிவைத்தார். பிறகு இசக்கியைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரிக்குப் போனார். ராத்திரி வந்து, "பேசுதான். நெஞ்சுதான் வலிக்குங்கான்" என்றார். மறுநாள் பேச்சு இல்லை. அதற்கு அடுத்த நாள் இறந்துபோனார். நெஞ்சு ஸ்டியரிங்கில் மோதியதில் உள்ளே ரத்தக்கசிவு என்று சொன்னார்களாம்.

வண்டியை என் வீட்டுக்காரர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். என்னிடம் சொல்ல அவருக்கு ஒருநாள் ஆயிற்று.

"முன்னால அவ்வளவு நசுங்கல. பெல்ட் போட்டுத்தான் இருந்திருக்கான். டீச்சரு சீட்டுக்கு உள்ள பை விரிஞ்சு தொங்குது. இவன் பக்கம் அப்படியே மூடிக் கெடக்கு."

யாருமே உட்காராத சீட்டுக்கு விரிந்திருக்கிறது.

பை விரிந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது. என்னாலும் முடியாது. இந்த வரியை நான் என் மனசுக்குள் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒரு தடவைகூட அது உதவவில்லை.

எழவு வீட்டுக்கு என் வீட்டுக்காரர் மட்டும் போனார். எனக்குக் காய்ச்சல் என்று சொல்லச் சொன்னேன். காய்ச்சல் இல்லை.

நாற்காலியில் இருந்தவள்

ஆக, முப்பதாம் நாள் காரியமெல்லாம் முடிந்து, மகேஸ்வரி எங்கள் பட்டறையில் அந்த வெள்ளைப் பெட்டிக்குக் கீழே உட்கார்ந்து, விளக்கைச் சரி செய்தது நீங்கள்தானா என்று என்னைக் கேட்டாள்.

"எங்கிட்ட 'ஸ்கேன் மதினி சரி பண்ணிட்டாவ'ன்னுதான் சொன்னாவ. அதான் கேக்குதேன். புதுசு மாட்டுனீங்களாக்கா?"

 இசக்கி வீட்டில் அப்படிச் சொல்லியிருக்கிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். உண்மையைச் சொன்னால், செத்துப்போன மனிதர் பெண்டாட்டியிடம் பொய் சொன்னார் என்று நான் சொல்வதாக ஆகும். இப்படித்தான் அன்று நினைத்தேன். இன்று யோசித்தால், போலீஸ், கேஸ், பட்டறை என்ற பயம்தான் முதலில் வந்தது. இரக்கம் பின்னால் வந்து அதற்குப் போர்வையாகிக்கொண்டது.

கைகழுவிவிட்டு வந்த என் வீட்டுக்காரர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர்தான் பதில் சொன்னார்.

"மாட்டியாச்சும்மா. சில சமயம் அது வேல செய்யாமப் போயிரும். நம்ம நேரம்."

மகேஸ்வரி அவரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தாள்.

நான் தலையை ஆட்டினேன்.

"சரிக்கா" என்று எழுந்தாள். மிச்ச டீயை எடுத்துக் குடித்து முடித்துவிட்டுத்தான் போனாள். ஆட்டோவில் ஏறும்போது திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை.

அவள் போனதும் என் வீட்டுக்காரர் ஸ்டூலில் ஏறி, அந்தப் பெட்டியை எடுத்து உள்அறையில் வைத்தார். நாங்கள் இருவரும் அன்று சாப்பிடவில்லை. 

பாபநாசம் பஸ்

நான்கு மாதம் போனது. ஒருநாள் ஒரு புரோக்கர் ஒரு வண்டியைக் கொண்டுவந்தார். டாஷ்போர்டில் அதே விளக்கு. "இதுக்கு ஒரு சின்ன ரெசிஸ்டர் வச்சா அணைஞ்சிரும்னு சொன்னாவ. ஒங்களுக்குத் தெரியும்லா?" என்றார்.

என் வீட்டுக்காரர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, அவரை வெளியே கூட்டிக்கொண்டு போய் மெதுவாக ஏதோ சொல்லி அனுப்பினார். திரும்பி உள்ளே வந்தார்.

"நாளைக்கு விக்கிரமசிங்கபுரம் போயிட்டு வாரேன்" என்றேன்.

"வேண்டாம். இப்பம் போயி என்னத்தச் சொல்லப்போற?"

"நடந்தத."

அவர் மேற்கொண்டு தடுக்கவில்லை. கூட வரட்டுமா என்றும் கேட்கவில்லை.

பாபநாசம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பத்தமடை வந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். எந்த இடம் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. ஆனாலும் சேரன்மகாதேவி வரும்வரை திறக்கவில்லை.

வீடு மில்லுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. மகேஸ்வரி அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தாள். ஒரு மருந்துக்கடையில் சேர்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் ஆச்சரியப்படவில்லை. "வாங்கக்கா" என்றாள். பாயை விரித்துப் போட்டாள். மின்விசிறியைப் போட்டுவிட்டு எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு நாங்க சொன்னது பொய்ம்மா" என்றேன். "புதுசு மாட்டல. லைட்ட மட்டும் அணைச்சுக் குடுத்தேன்."

"எனக்குத் தெரியும்."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"எந்தம்பி ஒயரிங் வேல பாக்கவன். வண்டியில இருந்த சாமான எடுக்கப் போனான். ஒரு பக்கம் விரிஞ்சிருக்கு, ஒரு பக்கம் ஏன் விரியலன்னு கழத்திப் பாத்துருக்கான். மஞ்ச டேப்பு சுத்தி ஒண்ணு இருந்துச்சுன்னு எடுத்துட்டு வந்து காட்டுனான். ஒங்ககிட்ட வாரதுக்கு முன்னாலயே எனக்குத் தெரியும்."

"பெறவு எதுக்கும்மா வந்து கேட்டீங்க?"

 வெளியே யாரோ சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்கள். அது சந்து முனை தாண்டியதும் சொன்னாள்.

"அவியளா கேட்டாவளா, நீங்களா ஏமாத்துனீங்களா, அது எனக்குத் தெரியணும்லா. நீங்க 'மாட்டியாச்சு'ன்னு தலைய ஆட்டுனீங்க. அப்பம் நீங்கதான் புதுசு மாட்டுனதாச் சொல்லி அவியள ஏமாத்திட்டீங்கன்னு நெனச்சேன். அவிய நம்பி வந்து எங்கிட்டச் சொல்லிட்டாவன்னு நெனச்சேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் பாவத்தை இறக்கிவைக்க வந்திருக்கிறேன். ஆனால் நான் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தால், இந்த நான்கு மாதமாக அவள் மனதில் குற்றமில்லாமல் இருந்த மனிதரை நான் எடுத்துக்கொண்டு போய்விடுவேன். 'ஆமாம், நான்தான் ஏமாற்றினேன்' என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். சொல்லியிருக்கலாம். ஆனால் அவளிடம் இரண்டாவது பொய்யைச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

"சொல்லுங்கக்கா. அவிய கேட்டாவளா?"

"கேட்டாரும்மா. மூணு தடவ கேட்டாரு."

"எதுக்குன்னு சொன்னாவளா?"

"டீச்சரு பயப்படுதாவன்னு சொன்னாரு."

மகேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"டீச்சரு இல்ல. நான்தான்."

பிறகு அவளே சொன்னாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இசக்கி அவளை வண்டியில் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். அவள் அந்த விளக்கைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டிருக்கிறாள். அவர் ஒன்றுமில்லை என்றிருக்கிறார். அவள் தம்பியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். சரி செய்யாமல் வண்டியை எடுக்கக்கூடாது என்று சண்டை. நோயாளிகளை விட்டுவிட்டு வண்டியைப் போட்டுவைக்க முடியாது என்று அவர். கடைசியில் அவள் பேச்சை நிறுத்திவிட்டாள்.

"பத்து நாளு பேசல. சோத்த வச்சிட்டுப் போயிருவேன். அவியளால அதத் தாங்க முடியாது. பதினோராம் நாளு வந்து, 'ஏட்டி, சரி பண்ணிட்டேன், வந்து பாரு'ன்னு வண்டிக்குக் கூட்டிட்டுப் போனாவ. சாவியத் திருப்பிக் காட்டுனாவ. எரிஞ்சு அணைஞ்சுது. அன்னைக்குப் புரோட்டா வாங்கிட்டு வந்திருந்தாவ. ரெண்டு பேரும் சிரிச்சுப் பேசிக்கிட்டே சாப்புட்டோம்."

அவள் அழவில்லை. சேலை முந்தியை எடுத்து ஒரு விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தாள்.

"நான் சண்ட போடலன்னா அந்த லைட்டு எரிஞ்சுக்கிட்டேல்லா இருந்திருக்கும். நீங்களும் விடாமக் கூப்புட்டிருப்பீங்க."

"அப்படி நெனைக்காதம்மா. செஞ்சது நான்" என்றேன். அது அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"ஆறுமுகம் அண்ணாச்சியத் தெரியும்லா ஒங்களுக்கு" என்றாள். "எங்க வீட்டுக்காரவுக போன பெறவு அவரக் கூட்டிட்டுப் போக ஆளில்ல. வாரத்துக்கு மூணு தடவ ஆஸ்பத்திரிக்குப் போனவரு, ரெண்டு தடவயாக்குனாரு. போன மாசம் அவரும் போயிட்டாரு. டீச்சரு இப்பம் பஸ்ஸுலதான் போறாவ."

   எனக்குத் தண்ணீர் கேட்கத் தோன்றவில்லை. அவளும் தரவில்லை.

நான் எழுந்தபோது அவளும் எழுந்தாள். வாசல்வரை வந்தாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது. கோபமாக இல்லை. யாரிடமோ வழி கேட்பதுபோல இருந்தது.

"நாலு மாசமா ஒங்களத்தான் ஏசிக்கிட்டு இருந்தேன்க்கா. காலையில எந்திரிச்சதும் ஏசுவேன். படுக்கப் போகையில ஏசுவேன். அது லேசா இருந்துச்சு. இனிம யார ஏச?"

அவள் கேட்ட வரி

இந்த அத்தியாயத்தை எழுதுவதற்கு முன் மகேஸ்வரிக்குப் போன் செய்தேன். எடுக்கமாட்டாள் என்று நினைத்தேன். எடுத்தாள். எழுதப்போகிறேன், உங்களுக்குச் சம்மதம் இல்லை என்றால் எழுதவில்லை என்றேன். என்னவெல்லாம் எழுதுவீர்கள் என்று கேட்டாள். மறைக்காமல் சொன்னேன். பொய் சொன்னதையும் எழுதுவேன், என்னுடையதையும் அவருடையதையும் என்றேன்.

"எழுதுங்க. பேர மட்டும் மாத்திக்கோங்க."

சரி என்றேன். அப்படியே மாற்றியிருக்கிறேன். போனை வைத்துவிட்டாள் என்று நினைத்த நேரத்தில் மறுபடியும் பேசினாள்.

"அவிய நல்லவுகன்னு ஒரு வரி எழுதுங்கக்கா."

எழுதுகிறேன் மகேஸ்வரி. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் பெருமழை பெய்து, ஆறு கரைபுரண்டு, பஸ்ஸெல்லாம் நின்றுபோன நாளில், உன் வீட்டுக்காரர் எங்கெங்கோ சுற்றி மூன்று நோயாளிகளையும் திருநெல்வேலிக்குக் கொண்டுவந்து சேர்த்தார். ஆஸ்பத்திரி வாசலில் இடுப்பளவு தண்ணீர். வண்டி உள்ளே போக வழியில்லை. ஒவ்வொருவராகத் தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே போய், படியேறி, கட்டிலில் படுக்கவைத்துவிட்டு வந்தார். ஈரச் சட்டையோடு எங்கள் பட்டறைக்கு வந்து நின்றவர், வண்டியைப் பார் என்று சொல்லவில்லை. "மதினி, டீச்சருக்கு மாத்துச்சேல ஒண்ணு வேணும்" என்றுதான் கேட்டார்.